மரியாதை தெரிந்த தீ

"இவ்வளவு மரியாதை தெரிஞ்ச தீய நான் பார்த்ததே இல்ல, லாக்லன்."

கருகிப்போன சரிவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாம்பலை விரலால் கிளறியபடி இதைச் சொன்னவர் என் பாஸ் மொராக் டன்பார். எனக்குத் தெரிந்து தீக்கு உள்ள ஒரே மரியாதை, எதிரில் வருகிற எல்லாரையும் வித்தியாசம் பார்க்காமல் எரிப்பதுதான். அதைச் சொன்னேன். பாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீஸில் வனவிலங்குக் குற்றப் பிரிவில் இருந்துவிட்டு, வெளியே வந்து தனியாகத் துப்பறியும் கடை போட்டவர் அவர். அந்தக் கடையில் நான் டிரைவர், உதவியாளர், டீ போடுகிறவன், ஜோக் சொல்லித் திட்டு வாங்குகிறவன். சம்பளம் என்னவோ ஒரு ஆளுக்குத்தான்.

க்ளென் ஆர்டி எஸ்டேட்டில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தச் சரிவு எரிந்துபோனது. ஹெதர் புதரைக் கொளுத்துவது எங்கள் மலைநாட்டில் புதிதல்ல. கிழட்டுப் புதரைக் கொளுத்தினால் இளந்துளிர் வரும், துளிரைத் தின்ன க்ரௌஸ் என்கிற காட்டுக்கோழி வரும், கோழியைச் சுட ஆகஸ்டில் பணக்காரர்கள் வருவார்கள். ஆனால் கொளுத்துவதற்கு என்று ஒரு பருவம் உண்டு. பருவம் முடிந்து, பறவைகள் முட்டை மேல் உட்கார்ந்த பிறகு தீ வைத்தால் அது குற்றம். இது அப்படி வைத்த தீ. கீழே ஓடையில் ஒரு கேன் கிடைத்திருந்தது. நெருப்பைச் சொட்டுச் சொட்டாக விடும் நீளக் கழுத்துக் கேன், பிடியில் பச்சை டேப் சுற்றியது. அது கீப்பர் வாட்டி கெடஸின் கேன் என்று எஸ்டேட்டில் நாய்க்குக்கூடத் தெரியும்.

கீப்பர் என்றால் கோழிகளுக்கும் மலைக்கும் காவல். வாட்டியின் முக்கால் ஆயுசு இந்த மலையில்தான் போயிருக்கிறது. அவருக்கும் எஸ்டேட்டின் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரி எல்ஸ்பெத் கின்னியருக்கும் ஆறு வருஷமாக எலியும் பூனையுமான உறவு. மேலே உள்ள பெரிய சதுப்பில் பழைய வாய்க்கால்களை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, பாசியை மறுபடி வளர்ப்பது அவள் வேலை. அங்கே மண்டிக் கிடக்கும் ஹெதரை வரும் அக்டோபரில் கொளுத்தியே தீருவேன் என்பது இவர் பிடிவாதம். கொளுத்தினால் அடியில் பாசி மட்கிச் சேர்ந்த கருஞ்சேறும் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் புகையும், பல்லாயிரம் வருஷம் சேர்ந்தது ஒரே பருவத்தில் போய்விடும் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எஸ்டேட் முதலாளியம்மா மிஸஸ் கார்மைக்கேல் போன வாரம் வரை வாட்டி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமைத் தீக்குப் பிறகு எஸ்டேட்டில் இனி எங்கேயும் தீயே கிடையாது என்றுவிட்டார். வாட்டியையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கீப்பர் வீடு கீப்பருக்குத்தான். வேலை போனால் கூரையும் போகும். போலீஸுக்குச் சொல்லும் முன் ஒரு தடவை நிச்சயம் செய்துகொள்ள எங்களைக் கூப்பிட்டிருந்தார். தூக்குக் கயிற்றை வாங்கிவிட்டு, கழுத்து சரியானதுதானா என்று பார்க்கச் சொன்ன மாதிரி. எங்களுக்கு இன்று சாயங்காலம் வரைதான் டயம்.

பாஸ் எழுந்து கிழக்கு ஓரத்தைக் காட்டினார். அன்றைக்கு மேற்குக் காற்று. தீ கிழக்கே ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஓரத்தில் யாரோ முதலிலேயே காற்றுக்கு எதிராக ஒரு நீளக் கோடு கொளுத்தி, மெதுவாக எரியவிட்டு, ஒரு கரும்பட்டை போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேற்கே போய் நிஜத் தீயை வைத்திருக்கிறார்கள். அது ஓடிவந்து பட்டையில் முட்டி, தின்ன எதுவும் கிடைக்காமல் தானாகவே செத்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் இல்லை.

"அப்ப வாட்டியேதான், பாஸ்" என்றேன். "கீப்பருங்க எல்லாரும் இப்படித்தான் கொளுத்துவாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவுற மாதிரி. கேஸ் முடிஞ்சுது. நாமளும் கை கழுவிட்டுச் சாப்பிடப் போகலாம்."

"எதிர்ச் சரிவப் பாரு."

பார்த்தேன். வாட்டி வருஷா வருஷம் கொளுத்திய இடங்கள். கம்பளியில் பட்டை பட்டையாக நிறம் மாற்றி நெய்த மாதிரி, குறுகலான நீளப் பட்டைகள். ஒரு பட்டை இளசு, பக்கத்தில் ஒரு பட்டை கிழடு.

"கோழி இளசுல மேயும். பருந்து வந்தா ரெண்டு எட்டுல கிழட்டுப் புதருக்குள்ள ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் குறுகலா எரிக்கறது. இந்தச் சரிவு எவ்வளவு அகலம் எரிஞ்சிருக்கு?"

"ஃபுட்பால் ஆடலாம்."

"இதுக்கு நடுவுல ஒரு கோழி நின்னா?"

"பருந்துக்குப் பந்தி."

"கோழிக்கு உதவாத தீய ஒரு கோழிக்காரன் எதுக்கு வைக்கணும்?"

பாஸ் சரிவின் நடுவே நடந்தார். அங்கே, சுற்றிலும் கரியாகக் கிடக்க, ஒரு சமையலறை அளவு ஹெதர் மட்டும் எரியாமல் பச்சையாக நின்றது. காற்று திரும்பி அதிர்ஷ்டவசமாகத் தப்பியது என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம் போலப் புதரைத் தரையோடு வெட்டியிருந்தார்கள். அடிக்குச்சிகள் கத்தரியால் நறுக்கிய மாதிரி சாய்வாக இருந்தன. வெட்டிய புதரைக் காணோம். வாரிக்கொண்டு போய் வேறெங்கோ போட்டிருக்கிறார்கள்.

பாஸ் சட்டென்று என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பச்சைக்குள்ளே ஒரு வட்டக் கண் எங்களைப் பார்த்தது. கண்ணுக்கு முன்னால் கீழே வளைந்த நீள அலகு. கர்லூ என்கிற சதுப்புப் பறவை, அடைகாத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சாம்பல், நடுவில் அது.

"இந்தப் பறவையப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் பாஸ். "நாம பாக்கவே இல்ல."

*

வாட்டியின் வீட்டு ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது அட்டைப் பெட்டிகள். அவர் மனைவி தட்டுகளைத் துணியில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

வாட்டி டீ ஊற்றினார். பாதி டீ கோப்பைக்குள் விழுந்தது, மீதி மேஜையில் விழுந்தது. குற்றவாளியின் கை நடுக்கம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். கேன் எங்கே இருந்தது என்று பாஸ் கேட்டதற்கு, கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்தது, கொட்டகைக்குப் பூட்டு எந்தக் காலத்திலும் கிடையாது என்றார். காற்று போகிற பக்கம் முதலில் கொளுத்தும் வித்தை யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டதற்கு, தீ அணைக்க மட்டை எடுத்துக்கொண்டு தன்னோடு நின்ற எல்லாருக்கும் தெரியும் என்றார். எஸ்டேட்டில் சமையல்காரி உட்பட எல்லாரும் நின்றிருக்கிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"வெளிய."

"வண்டி உங்க முற்றத்துலயே நின்னுச்சாம். வண்டி இல்லாம வெளியன்னா, மலையத் தவிர வேற இடம் இல்லயே."

"இருக்கு."

"எங்க?"

"அது என் விஷயம்."

மனைவியின் கை தட்டு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. வீடே போகிற நேரத்தில் ஒரு மனிதன் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பது? நான் மோசமாகத்தான் நினைத்தேன். வெளியே வந்ததும் ஓடை, கேன், பொய், நடுக்கம் என்று விரல் விட்டு அடுக்கினேன். பாஸ், "அவர் பொய் எதுவும் சொல்லலயே" என்றார்.

கிராமத்துக் கடைக்காரி இன்னும் எண்ணெய் ஊற்றினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், வாட்டி டண்டியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கிப் போனாராம். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அவள் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லையாம்.

"இந்த ஊர்ல வெயில் கண்ணாடி போட்டவன் ஒண்ணு டூரிஸ்டா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்" என்றேன் காரில் ஏறியதும். "வாட்டி டூரிஸ்ட் இல்ல."

பாஸ் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் நான் எதையோ கோட்டைவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

*

எல்ஸ்பெத் சதுப்பில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தட்டில் இருந்த பாசித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஈரத்தில் பதித்துக்கொண்டிருந்தாள். வாட்டியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர், கோபக்காரர், அந்தக் கோபத்தில்தான் செய்திருப்பார் என்றாள். எரிந்த இடத்தில் மண் ஆழம் குறைவு, ஒரு சாண்கூட இருக்காது, கருஞ்சேறு இல்லாத சரிவாகப் பார்த்துத் தீ பிடித்ததே பெரிய புண்ணியம் என்றாள். அந்தச் சரிவில் கூடு ஏதாவது இருந்ததா என்று பாஸ் சாதாரணமாகக் கேட்டார்.

"தெரியல. அந்தப் பக்கம் நான் இந்த வருஷம் இன்னும் போகவே இல்ல. அடுத்த வாரம்தான் கூடு பாக்கப் போறதா இருந்தேன்."

"தீக்கு அப்புறமும் போகலயா?"

"மனசு வரல."

அவள் கண்கள் உண்மையாகவே கலங்கின. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. என்னைக் கேட்டால் அங்கேயே வாட்டியின் கையில் விலங்கு மாட்டியிருப்பேன். நல்லவேளை, என்னை யாரும் கேட்பதில்லை.

*

மத்தியானம் எல்லாரையும் சரிவுக்கு வரச் சொன்னார் பாஸ். மிஸஸ் கார்மைக்கேல் கைத்தடியோடு வந்தார். வாட்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். எல்ஸ்பெத் இன்னும் தள்ளி நின்றாள். மேகம் கீழே இறங்கியிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

போலீஸுக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை பாக்கி என்றார் பாஸ். நடுவில் எரியாமல் நிற்கிற துண்டுக்கு அடியில் கங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம், காற்று கிளம்பினால் சதுப்பு வரை போகும், தீயணைப்புக்காரர்கள் அதையும் எரித்து முடித்துவிடச் சொல்லிவிட்டார்கள் என்று பச்சைப் பொய்யைப் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னார். ஓடையில் எடுத்த அந்தக் கேனை என் கையில் கொடுத்தார். "கொளுத்திட்டு வா, லாக்லன்."

முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் அந்த வட்டக் கண் ஞாபகம் வந்தது. பாஸ் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. மிஸஸ் கார்மைக்கேல் சீக்கிரம் ஆகட்டும் என்றார். வாட்டி அந்தத் துண்டு இருந்த திசையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, செய்யுங்கள் என்பதுபோல் தலையாட்டினார். நான் நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். தீக்குச்சியை எடுத்தேன்.

"நில்லுங்க."

எல்ஸ்பெத். கத்தவில்லை. சாம்பலில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்து எனக்கும் அந்தப் பச்சைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது.

"ஏன்?" என்றார் பாஸ் பின்னால் இருந்து.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். விலகிப் போயிருக்கலாம். போகவில்லை.

"உள்ள கர்லூ அடைகாக்குது. நாலு முட்டை."

"நாங்க இன்னைக்குக் காலையில பக்கத்துல போய்ப் பாத்தோம், எங்களுக்குப் பறவை மட்டும்தான் தெரிஞ்சுது. அது எழுந்திருந்தாத்தான முட்டை தெரியும்? நீங்க இந்த வருஷம் இந்தப் பக்கமே வரலன்னு சொன்னீங்க."

எல்ஸ்பெத் சாம்பலைப் பார்த்தாள்.

பாஸ் மிஸஸ் கார்மைக்கேலிடம் திரும்பிச் சுருக்கமாகச் சொன்னார். வாட்டி கோபத்தில் கொளுத்தியிருந்தால் ஆறு வருஷமாகச் சண்டை போட்ட சதுப்பைக் கொளுத்தியிருப்பார், கோழிக்காகக் கொளுத்தியிருந்தால் பட்டையாகக் கொளுத்தியிருப்பார். இது மலையிலேயே நஷ்டம் குறைவான இடமாகத் தேடி, தாண்டிப் போகாதபடி வேலி கட்டி, ஒரு கூட்டைச் சுற்றிக் கத்தரி போட்டு வைத்த தீ. வாட்டி மேல் பழி விழ வேண்டும், மலைக்கு வலிக்கக் கூடாது. அப்படி ஒரு கவலை இங்கே ஒருவருக்குத்தான் உண்டு.

"வேற வழி தெரியல" என்றாள் எல்ஸ்பெத். "அக்டோபர்ல சதுப்பு போயிருக்கும். ஆறு வருஷமாச் சொல்றேன், யாரும் கேக்கல. ஒரு சரிவு போனா சதுப்பு பொழச்சிடும்னு கணக்குப் போட்டேன். பத்து வருஷத்துல இங்க திரும்ப முளைச்சிடும். சதுப்பு முளைக்காது." பிறகு வாட்டியைப் பார்த்தாள். "வீட்டக் காலி பண்ணச் சொல்வாங்கன்னு நினைக்கல. சத்தியமா நினைக்கல."

"கேன எடுக்கும்போது யார் கேன்னு நினைச்சியாம்மா?" என்றார் வாட்டி. அவ்வளவுதான் கேட்டார்.

கேனில் இருந்தது ஓடைத் தண்ணீர் என்று பாஸ் எனக்கு அப்புறம்தான் சொன்னார். அவருக்கு என் நடிப்பில் நம்பிக்கை கிடையாது.

*

இதோடு முடிந்திருந்தால் நல்ல கேஸ்.

மிஸஸ் கார்மைக்கேல் நியாயம் செய்ய ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாதவர். வாட்டியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வீடு உன்னுடையது, பெட்டியைப் பிரிக்கச் சொல் என்றார். அதோடு விட்டாரா? தீ கிடையாது என்று தான் சொன்னதும் இவள் வைத்த தீயால்தான், அதனால் அதுவும் ரத்து, அக்டோபரில் சதுப்பை நீயே உன் இஷ்டம்போல் கொளுத்திக்கொள் என்றார்.

"சரிங்கம்மா" என்றார் வாட்டி.

குற்றத்தை ஒத்துக்கொண்டபோது நின்றுகொண்டிருந்த எல்ஸ்பெத் இப்போது அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளியம்மாவின் டிரைவர் வந்து கையைப் பிடித்து அவளைக் காருக்குக் கூட்டிப்போனான். செய்தது தப்புதான், பெரிய தப்பு. ஆனாலும் என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

பாஸ் வாட்டியை ஓடைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். நான் வால் மாதிரி பின்னால் போனேன்.

"செவ்வாய்க்கிழமை டண்டியில கண் ஆஸ்பத்திரிக்குப் போனீங்க" என்றார் பாஸ். "கண்ணுல மருந்து விட்டா அன்னைக்கு முழுக்க வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. அதான் பஸ், அதான் கறுப்புக் கண்ணாடி."

கண்புரை என்றார் வாட்டி. ரெண்டு கண்ணிலும். ஆபரேஷனுக்கு வரிசை, புது வருஷத்துக்கு அப்புறம்தான் கூப்பிடுவார்கள். கண் தெரியாத கீப்பரை எந்த எஸ்டேட் வைத்துக்கொள்ளும்? அம்மாவுக்குத் தெரிந்தால் அதே பெட்டி, அதே வாசல்.

டீ மேஜையில் ஊற்றியது இப்போதுதான் எனக்கு உறைத்தது. எரியாத அந்தத் துண்டைப் பார்த்து அவர் தலையாட்டியதும்தான்; சுற்றி வெட்டிய வளையம் அவர் கண்ணில் படவே இல்லை.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் பாஸ். "ஆனா புகை எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாத ஆள் கருஞ்சேத்துல நெருப்பு வைக்கக் கூடாது. அக்டோபர் வேண்டாம்னு நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆபரேஷன் வரைக்கும் துப்பாக்கியும் பீரோவுலயே இருக்கட்டும்."

"சொல்லலன்னா?"

"செவ்வாய்க்கிழமை எங்க இருந்தீங்கன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"இது மிரட்டல்."

"ஆமா."

வாட்டி தொப்பியை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். மிஸஸ் கார்மைக்கேலுக்கு முன்னால் போய் நின்றார். அக்டோபர் வேண்டாம் என்று மட்டும் சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்தச் சதுப்ப நான் கொளுத்தலம்மா. இந்த வருஷம் மட்டுமில்ல, நான் இங்க இருக்கற வரைக்கும்."

மிஸஸ் கார்மைக்கேல் குழம்பிப்போனார். ஆறு வருஷமாக அதற்குத்தானே சண்டை போட்டாய் என்றார்.

"போட்டேன். இப்ப அத நான் கொளுத்தினா, இந்தச் சரிவையும் கிழவன்தான் கொளுத்தினான், அந்தப் பொண்ண மாட்டிவிட்டு நினைச்சத சாதிச்சுக்கிட்டான்னு கடையில பேசுவாங்க. என் காலம் பூரா பேசுவாங்க. நான் இந்த ஊர்லதான் சாகணும்."

பாஸ் அவரைப் பார்த்த பார்வை எனக்குப் புதிது. கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கும் ஆட்களை அவர் நம்புவதில்லை. இவரை நம்பினார் என்று நினைக்கிறேன், முழுசாக இல்லாவிட்டாலும்.

எல்ஸ்பெத் ஏறிய கார் கதவை மூடிக்கொண்டு கீழ்ப்பாதையில் போலீஸ் ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் எதையும் கேட்டிருக்க முடியாது. குறுக்குவழியில் போனால் பாலத்துக்கிட்டே மடக்கிவிடலாம், சதுப்பு பிழைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று பாஸிடம் கேட்டேன்.

"சொன்னா, தான் செஞ்சது சரின்னு நினைச்சுக்குவா" என்றார் பாஸ், கார்ச் சாவியை என்னிடம் எறிந்தபடி.

நான் மெதுவாகவே ஓட்டினேன். பாலத்துக்கு நாங்கள் வந்தபோது அந்தக் கார் போய்விட்டிருந்தது.